கீப் இட் அப்: எதைத் தொடரச் சொல்கிறோம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையின் புத்தகப் பையைத் திறந்து பாருங்கள். மூன்று மொழியில் பாராட்டு கிடைக்கும். மலாய் நோட்டில் 'ஷாபாஸ்', 'தெருஸ்கான் உசாஹா'. தமிழ் நோட்டில் 'நன்று', 'முயற்சியைத் தொடர்க'. ஆங்கில நோட்டில் சிவப்பு மையில் 'கீப் இட் அப்'. முதல் இரண்டும் பெரும்பாலும் பள்ளி வாசலோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவது மட்டும் ஊருக்குள் இறங்கி நடமாடுகிறது. பந்துத் திடலில் கோச் அதைக் கத்துகிறார். கோயில் திருவிழா மேடையில் ஆடி முடித்த சிறுமியிடம் ஆலயத் தலைவர் அதைச் சொல்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் கட்டைவிரல் படத்தோடு அனுப்புகிறார். 'கீப் இட் அப் லா தம்பி' என்று 'லா' சேர்த்துவிட்டால் அது நம் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிடுகிறது.

இவ்வளவு புழங்கும் ஒரு தொடரை யாரும் நின்று பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஊக்கம் கொடுப்பது தோட்டப்புறத்தில் சின்ன விஷயம் கிடையாது. எங்கள் ஊரில் எல்பில், டவன்பி, கமுனிங் என்று தோட்டப் பெயர்களைச் சொல்லித்தான் ஒரு குடும்பம் எங்கிருந்து வந்தது என்று அடையாளம் காட்டுகிறோம். தோட்டம் விட்டு டவுன் பக்கம் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியேறிய பிறகும் அந்த அடையாளம் போகவில்லை. அந்தக் குடும்பங்களில் பல பிள்ளைகளுக்கு, வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு பெரியவர் 'நீ நல்லா செய்யறே' என்று சொல்லும் முதல் இடம் பள்ளி நோட்டின் ஓரம்தான். அங்கே எழுதப்படுவது காலியாக இருக்கக் கூடாது.

தொடரின் பொருள் சுலபம். ஒருவர் ஒரு காரியத்தை நன்றாகச் செய்துகொண்டிருக்கிறார். அதே தரத்தில், தளராமல், மேலும் செய்யச் சொல்கிறோம். அவ்வளவுதான். ஆனால் அது பொருந்துவதற்குக் காரியம் நடந்துகொண்டிருக்க வேண்டும், நன்றாகவும் நடந்துகொண்டிருக்க வேண்டும், சொல்பவர் அதைக் கண்ணால் பார்த்திருக்கவும் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். நடுவில் நிற்கும் 'இட்' என்ற சின்னச் சொல் எதையோ சுட்டுகிறது. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் அது எது என்று தெரிந்திருந்தால் தொடர் வேலை செய்யும். தெரியாவிட்டால் வெறும் சத்தம்.

அக்கம்பக்கத்துத் தொடர்களோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நாள் காலையில் வாசலில் நின்று சொல்வது 'ஆல் தி பெஸ்ட்'. காரியம் இன்னும் தொடங்கவில்லை, நாம் பார்த்தது ஒன்றுமில்லை, வாழ்த்து மட்டுமே உண்டு. முடிந்துபோன காரியத்துக்கு 'வெல் டன்'. சிரமத்தில் தொங்கிக்கொண்டிருப்பவருக்கு 'ஹேங் இன் தேர்': பிடியை விடாதே, நிலைமை மாறும் என்ற ஆறுதல் அதில் உண்டு, பாராட்டு இல்லை. 'கீப் இட் அப்' ஒன்றுதான் பாதி வழியில் நடந்துகொண்டிருப்பவருக்கு உரியது. 'கீப் அப் தி குட் வொர்க்' அதன் அண்ணன். அந்த 'இட்' இருந்த இடத்தில் 'நல்ல வேலை' என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறது, அலுவலகக் கடிதங்களில் அதிகம் வரும். 'இட்' இல்லாமல் 'கீப் அப்' என்று மட்டும் சொன்னால் பொருள் வேறு பக்கம் போய்விடும். பிறருக்கு ஈடுகொடுத்து வா, பின்தங்காதே என்றாகும். முன்னால் ஓடும் பிள்ளைக்கு 'கீப் இட் அப்', பின்னால் மூச்சு வாங்கும் பிள்ளைக்கு 'கீப் அப்'. ஒரு சின்னச் சொல் விட்டுப்போனால் பாராட்டு அதட்டலாக மாறிவிடும்.

இந்த வேறுபாடு தெரியாமல் நடக்கும் தவறு ஒன்றை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நூற்றுக்கு 35 வாங்கிய தாளின் கீழே 'கீப் இட் அப்' என்று எழுதியிருக்கும். எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதுகிறார். பிள்ளை மனம் உடையக் கூடாது என்ற எண்ணம். ஆனால் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் '35-லேயே நில்' என்று ஆகிறது. பிள்ளைகள் இதை நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிக்கிறார்கள். பக்கத்து மேசையில் 92 வாங்கியவள் தாளிலும் அதே மூன்று சொல் இருப்பதைப் பார்த்த அந்த நிமிடம், அது தனக்காக எழுதப்பட்டது இல்லை என்று பையனுக்குத் தெரிந்துவிடுகிறது. அதன்பின் ஆசிரியர் எதை எழுதினாலும் அவன் கண் மதிப்பெண்ணோடு நின்றுவிடும்.

இந்தத் தொடர் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பழைய குறிப்பு இருக்கிறது. பிரான்சிஸ் குரோஸ் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டில் தொகுத்த கொச்சை ஆங்கில அகராதியின் 1811-ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தத் தொடர் இடம்பெற்றுள்ளது. அன்றைக்கு அதன் பொருள் நாம் நினைப்பதற்கு வெகு தூரம்: குடியும் கூத்தும் விடிய விடிய நீள்வது. 'நேற்று ராத்திரி நன்றாக நீட்டினோம்' என்ற பாணியில் ஓர் எடுத்துக்காட்டும் அங்கே உண்டு. நமக்கு வேண்டியது அதற்கடுத்த வரி. இறகுப்பந்து ஆட்டத்திலிருந்து எடுத்த உருவகம் இது என்கிறது அகராதி.

அது இன்றைய பேட்மிண்டன் இல்லை, அதன் பாட்டி. ஆங்கிலத்தில் 'பேட்டில்டோர்' என்பார்கள். வலை கிடையாது, கோடு கிடையாது, எதிராளியும் கிடையாது. இரண்டு பேர் மட்டையோடு நின்று இறகுப்பந்து தரையில் விழாமல் எத்தனை முறை தட்ட முடியும் என்று பார்ப்பார்கள். பந்து மேலேயே இருக்க வேண்டும். அந்த 'அப்' என்பது நேராகவே மேலே என்ற பொருள். பந்தை மேலேயே வைத்திரு. விழுந்தால் இருவருக்கும் தோல்வி, நின்றால் இருவருக்கும் வெற்றி. 1870-களில் புனேயில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் விதிகளை எழுதி, இங்கிலாந்தில் பேட்மிண்டன் மாளிகையின் பெயரும் ஒட்டிக்கொண்டு, அதன்பின் அது வலைக்கு இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் வீழ்த்தும் ஆட்டமாக மாறியது.

மலேசியாவில் இருக்கும் நமக்கு இந்தக் கதை கொஞ்சம் கூடுதலாகவே ஒட்டும். தாமஸ் கிண்ணத்தை 1949-ல் முதன்முதலாக வென்ற நாடு மலாயா. இந்த நாட்டில் பூப்பந்து (பேட்மிண்டன்) தெரியாத தெருவே இல்லை. லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் கயிற்றைக் கட்டி, காற்று அடங்கும் மாலை நேரத்தில் ஆடிய தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. இறகு பிய்ந்த பந்தைத் தூக்கிப் போட மனம் வராது. சரியான பந்தில் 16 இறகு இருக்கும், எடை ஐந்து கிராம் அளவுதான். நான்கு இறகு ஒடிந்தாலே அது போகும் திசை நம் கையில் இல்லை. அந்தப் பந்தை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைக்கு ஆட்டம் பழக்கும் அக்காவைக் கவனித்தால் பழைய பேட்டில்டோர் கண்முன் வரும். அவள் புள்ளி எடுக்க ஆடுவதில்லை. பந்தைப் பிள்ளையின் மட்டைக்கு நேராக, உயரமாக, மெதுவாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். ஊக்கம் கொடுப்பவரும் அந்த ஆட்டத்துக்குள் இருக்கிறார். ஓரமாக நின்று கத்துகிறவர் வேறு ஆள்.

சரி, ஆங்கிலத் தொடர் ஏன் நம் வீட்டுக்குள் இவ்வளவு ஆழமாக வந்தது? தமிழில் ஊக்கச் சொல் இல்லாமல் இல்லை. 'விட்டுராதே', 'அப்படித்தான்', 'போடு', 'சபாஷ்' என்று எத்தனையோ உண்டு. என் எண்ணம் இது: நம் வீடுகளில் முகத்துக்கு நேராகப் புகழ்வதில் ஒரு கூச்சம் இருக்கிறது, அதைவிடப் பெரிய பயமும் இருக்கிறது. கண் பட்டுவிடும். பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன அன்று ராத்திரியே காய்ச்சல் வந்தால் பாட்டி உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப்போடுவாள். தலைமகனைப் பற்றிக் கேட்டால் அப்பா 'ஏதோ படிக்கிறான்' என்பார். வகுப்பில் முதலாவது வந்த சேதியை அடுத்த வீட்டு அக்காவிடம் சொல்லும்போதுகூட, குரலைத் தாழ்த்தி, கூடவே ஒரு குறையும் சேர்த்துச் சொல்லும் அம்மாக்கள் இருக்கிறார்கள். எங்கள் பெரியவர்களின் உச்சபட்சப் பாராட்டு 'பரவாயில்லையே' என்பதுதான். அந்தக் கடைசி ஏகாரத்தில்தான் முழு மகிழ்ச்சியும் ஒளிந்திருக்கும். அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது புரியும். புரியாத வயதில் இருக்கும் பிள்ளைக்கு, அப்பாவுக்கு நம் மேல் திருப்தியே வராது என்றுதான் தோன்றும்.

ஆங்கிலம் இந்த இடத்தில் வந்து உதவுகிறது. அந்நிய மொழியில் சொன்னால் கண் படாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் நடப்பது அப்படித்தான். 'நீ ரொம்ப நல்லா செய்யறே ஐயா, எனக்குப் பெருமையா இருக்கு' என்று மகனிடம் சொல்ல நாக்கு எழாத அப்பா, 'கீப் இட் அப்' என்று தோளில் தட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். அதில் அன்பு இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். தோளில் பட்ட அந்தக் கை பல பேருக்கு வருஷக்கணக்கில் மறக்காது.

பள்ளியில் நிலைமை வேறு. நோட்டில் கை இல்லை, தோள் இல்லை, எழுத்து மட்டும்தான். மலாய் நோட்டின் 'ஷாபாஸ்' நம் 'சபாஷ்'தான். பாரசீகத்திலிருந்து கிளம்பி, இரண்டு மொழியிலும் இரண்டு வழியாக வந்து இறங்கியது. 'உசாஹா' என்பதும் சமஸ்கிருத 'உத்ஸாஹ'. நமக்கு அது உற்சாகம் ஆயிற்று, மலாய்க்காரர்களுக்கு முயற்சி, உழைப்பு என்று ஆயிற்று. 'தெருஸ்கான் உசாஹா' என்று எழுதும் மலாய் ஆசிரியர் தன்னையறியாமல் ஒன்றைச் சரியாகச் செய்கிறார். எதைத் தொடர வேண்டும் என்று பெயர் சொல்லிவிடுகிறார்: உழைப்பை. தமிழ் நோட்டின் 'முயற்சியைத் தொடர்க' அதே வகை. ஆங்கிலத் தொடர் மட்டும்தான் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, எழுதுபவர் நிரப்புவார் என்று காத்திருக்கிறது.

நிரப்பத் தெரிந்தவர்கள் எங்கள் நடுவில் இருந்தார்கள். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர்கள் அவர்கள். கித்தா (ரப்பர்) காட்டில் புதிதாகப் பால்வெட்டு பழகுபவருக்குப் பக்கத்தில் நின்ற மண்டோர்களை, அதாவது கங்காணிகளைச் சொல்கிறேன்.

பால்வெட்டைக் கிட்டத்தில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து, நெற்றி விளக்கோடு மர நிரைக்குள் போவார்கள். வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும், அதனால்தான் அந்த அவசரம். பட்டையில் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகை சரிவில் வெட்டு இருக்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து போவதால் இந்தச் சரிவில்தான் அதிகக் குழாய் அறுபடும். ஒவ்வொரு முறையும் புது வெட்டுப் போடுவதில்லை. பழைய வெட்டின் விளிம்பையே உளியால் மெல்லியதாகச் சீவி எடுப்பார்கள். சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவை நடத்திய ஹென்றி ரிட்லி பரப்பிய முறை இது. ரப்பரை நடச் சொல்லி அவர் தோட்டக்காரர்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பேர் வாங்கினார். எங்கள் மாவட்டமான கோலகங்சாரில் 1877-ல் நட்ட முதல் கன்றுகளில் ஒன்று இன்றைக்கும் மரமாக நிற்கிறது.

சீவும்போது ஆழம்தான் கஷ்டம். மேலாகச் சீவினால் பால் குறையும். ஆழமாகப் போனால் உள்ளே இருக்கும் உயிர்த் தோல் காயப்படும். அந்தத் தோலுக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டை மிஞ்ச வேண்டும். காயம் பட்ட இடத்தில் திரும்ப வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக இருக்கும், சில வருஷம் கழித்து அந்தப் பக்கம் உளி வைக்கவே முடியாது. அதாவது இன்றைக்குச் செய்த தவறு பின்னால் வரும் ஒருவருடைய கூலியைக் குறைக்கும். புது ஆள் பத்து மரம் வெட்டிய பிறகு மண்டோர் வந்து நிற்பார். ஆளைப் பார்க்க மாட்டார், பட்டையைப் பார்ப்பார். கீழே விழுந்த சீவலை எடுத்து விரலுக்கிடையில் வைத்து அதன் கனத்தைப் பார்ப்பார். பால் கோடு வழியாக மங்கில் (பால் சேரும் கோப்பையில்) சொட்டுகிறதா, பட்டையில் வழிகிறதா என்று பார்ப்பார். பிறகு சொல்வார்: 'காயம் படலை. சீவலும் மெல்லிசா இருக்கு. இப்படியே வெட்டு.'

'இப்படியே வெட்டு.' இதைவிட நல்ல 'கீப் இட் அப்' எனக்குத் தெரியாது. 'இப்படியே' என்ற சொல் கையில் இருக்கும் சீவலைக் காட்டுகிறது, மரத்தின் வெட்டைக் காட்டுகிறது. கேட்ட ஆள் அடுத்த மரத்துக்குப் போகும்போது எதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மண்டோர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. வசவுச் சொல்லாலேயே வேலை வாங்கியவர்களும் இருந்தார்கள், அந்தக் காயங்களைப் பேசும் கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் நல்ல மண்டோர் கற்றுக்கொடுத்த விதத்தில் ஊக்கமும் பாடமும் ஒரே வாக்கியத்தில் இருந்தன.

எங்கள் ஊருக்கு இன்னொரு உதாரணமும் சொந்தம். 1919-ல் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன், நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின்) தலைவராக இருந்தவர். அந்த நேரத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். வேலையோடு சேர்த்து லயத்து வீடும் போய், குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. துன்பப்படுகிறவர்களிடம் 'தைரியமாக இருங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது எந்தத் தலைவருக்கும் சுலபம். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னது வேறு: மாதம் பத்து வெள்ளி (எங்கள் நாட்டுப் பணம்) போடுங்கள், நாமே தோட்டம் வாங்கலாம். 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதல் சொத்தானது. நாள் கூலி சில வெள்ளியாக இருந்த காலத்தில் பத்து வெள்ளி சின்னத் தொகை இல்லை. இருந்தும் பால்வெட்டுத் தொழிலாளிகள் போட்டார்கள், அடுத்த மாதமும் போட்டார்கள். தொடர வேண்டியது எது, எவ்வளவு, எதற்கு என்று கையில் பிடித்துக் கொடுத்தது போலத் தெரிந்திருந்தது. ஊக்கப் பேச்சுக்கும் ஊக்கத்துக்கும் உள்ள தூரத்தை யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கல்வி ஆய்வாளர்கள் வேறு பாதையில் போய் இதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும். இன்னொன்றுக்கு அவர்கள் செய்த வேலையைப் பற்றிய குறிப்பு மட்டும். மூன்றாவதற்கு இரண்டும். குறிப்பு மட்டும் கிடைத்தவர்களுக்கு ஆர்வமும் வளர்ந்தது, வேலையும் மேம்பட்டது. இரண்டும் கிடைத்தவர்களுக்குக் குறிப்பின் பலன் கிடைக்கவில்லை. எண் பக்கத்தில் இருந்தால் எழுத்தை யாரும் படிப்பதில்லை என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 35-க்குக் கீழே எழுதிய வாசகத்தின் கதி இதுவே.

பத்து வருஷம் கழித்து, 1998-ல், அமெரிக்காவில் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் செய்த சோதனைகள் இன்னும் பேர் பெற்றவை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்களைக் கொடுத்து, முடித்ததும் சிலரிடம் 'நீ கெட்டிக்காரன்' என்றார்கள், சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றார்கள். அடுத்து வேண்டுமென்றே கஷ்டமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாற விட்டார்கள். அதன்பின் பழைய அளவுப் புதிர்களுக்குத் திரும்பியபோது, கெட்டிக்காரன் என்று புகழப்பட்டவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். உழைப்பைப் பாராட்டப் பெற்றவர்கள் முன்னேறினார்கள். காரணம் சிக்கலானது இல்லை. கெட்டிக்காரத்தனத்தை யாரும் கையில் எடுத்துத் தொடர முடியாது. உழைப்பைத் தொடர முடியும். பின்னால் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்புகள் இந்த மனப்போக்குப் பயிற்சிகளின் மொத்த விளைவு சிறியதுதான் என்றும் காட்டியுள்ளன, அதையும் சொல்லிவிடுவதே நேர்மை. ஒரு வாசகத்தை மாற்றி எழுதினால் போதும், பிள்ளை மாறிவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். நியூசிலாந்தில் ஜான் ஹேட்டி, ஹெலன் டிம்பர்லி இருவரும் 2007-ல் எழுதிய கட்டுரை இதை அழகாக வகுத்துத் தந்தது: எங்கே போகிறேன், இப்போது எப்படிப் போகிறேன், அடுத்து எங்கே என்ற மூன்று கேள்விக்குப் பதில் தரும் குறிப்புதான் கற்றலுக்கு உதவும். ஆளைப் பற்றிய வெறும் புகழ்ச்சி அந்த மூன்றுக்குமே பதில் தருவதில்லை. நம் மண்டோரின் வாக்கியத்தில் மூன்றும் இருந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

பயன்படுத்தும் முறையில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. 'கீப் இட் அப்' மேலிருந்து கீழே அல்லது சம தளத்தில் போகும் தொடர். ஆசிரியர் மாணவரிடம், கோச் ஆட்டக்காரரிடம், நண்பர் நண்பரிடம் சொல்லலாம். கிராணி (தோட்ட எழுத்தர்) துரையிடம் (மேலாளரிடம்) போய்ச் சொல்ல முடியாது. மதிப்பிடும் உரிமை தனக்கு இருப்பதாகச் சொல்பவர் எடுத்துக்கொள்வதால், வயதிலோ பதவியிலோ மூத்தவரிடம் சொன்னால் காதுக்கு உறுத்தும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரின் மேடைப் பேச்சு முடிந்ததும் இளைஞர் ஒருவர் 'கீப் இட் அப் சார்' என்றால், நல்லெண்ணம் தெரியும், ஆனாலும் சபையில் ஒரு நெளிவு வரும். அவரிடம் 'உங்க பேச்சு மனசுல நின்னுச்சு ஐயா' என்பது போதும். தொனி மாறினால் இதே தொடர் மிரட்டலாகவும் ஆகும். சேட்டை செய்யும் பிள்ளையிடம் முகம் இறுகி 'நீ இதையே கீப் பண்ணு, பாரு' என்று பாதித் தமிழில் சொல்லும் அம்மாவின் குரலில் ஆங்கிலேயரின் அதே எச்சரிக்கைப் பயன்பாடு இருக்கிறது: இப்படியே போனால் விளைவை அனுபவிப்பாய். எழுத்தில் தொனி தெரியாது. அதனால் குறுஞ்செய்தியில் தனியாக அந்த மூன்று சொல்லை மட்டும் அனுப்பும்போது, ஏற்கெனவே மனத்தாங்கல் உள்ளவர் அதைக் குத்தலாகவும் படிக்கக்கூடும்.

தோற்றுப்போன பிள்ளைக்கு என்ன எழுதுவது என்று கேட்பார்கள். அவனிடம் தொடரத் தக்கது ஒன்று எப்போதும் இருக்கும், தேடினால். கணக்கில் விடை தவறு, ஆனால் படிகளை வரிசையாக எழுதியிருக்கிறான். கட்டுரையில் எழுத்துப் பிழை மலிந்திருக்கிறது, ஆனால் தாத்தா வெட்டிய உளியைப் பற்றிய ஒரு வரி உயிரோடு இருக்கிறது. 'படிகளை வரிசையாக எழுதும் பழக்கத்தை விடாதே. கழித்தலில் கடன் வாங்கும் இடத்தை மட்டும் திரும்பப் பார்' என்று எழுத அரை நிமிடம் கூடப் பிடிக்கும். முப்பது நோட்டுக்கு அது கால் மணி நேரம். ஆசிரியர்களின் மேசையில் எத்தனை கோப்பு குவிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், அந்தக் கால் மணி நேரம் சும்மா கிடைப்பதில்லை. எல்லா நோட்டிலும் எல்லா நாளும் வேண்டாம். ஒரு வாரத்தில் ஐந்து பிள்ளைக்கு அப்படி எழுதினால் ஒரு தவணைக்குள் வகுப்பு முழுக்கச் சுற்றி வந்துவிடும். மற்ற நாளில் ஒரு சரி அடையாளம் போதும். முத்திரையை எடுத்து எல்லாப் பக்கத்திலும் 'கீப் இட் அப்' குத்துவதைவிட வெறும் சரி அடையாளம் மேல் என்பது என் துணிபு. அது பொய் சொல்வதில்லை.

இது இப்போது முன்னைவிட அவசரமாகியிருக்கிறது. 1988 முதல் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ல் ரத்தானது. ஆறு வருஷப் படிப்பின் முடிவில் இத்தனை 'ஏ' என்று ஊருக்குச் சொல்லும் நாள் போய்விட்டது. அதற்குப் பதில் வகுப்பறை மதிப்பீடு வந்திருக்கிறது. பள்ளிகளில் பி.பி.டி. என்பார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை ஒரு தேர்ச்சி நிலை, பக்கத்தில் ஆசிரியரின் கருத்துக்கு ஓர் இடம். பழைய முறையில் பழகிய பெற்றோருக்கு '4' என்றால் மகிழ்வதா, கவலைப்படுவதா என்று புரிவதில்லை. எட்டாவது மைலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, அரை நாள் கூலியை விட்டுவிட்டு, அறிக்கை வாங்கப் பள்ளி மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் செம்பனைத் தோட்டத் தொழிலாளிக்கு அந்தக் கருத்துப் பகுதிதான் மிச்சம். அங்கேயும் கணினியில் தயாராக இருக்கும் ஒரு வாசகம் வந்து விழுந்தால் அவர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்.

பெற்றோர் அந்த நாற்காலியில் கூச்சப்படாமல் கேட்கலாம். 'டீச்சர், கீப் இட் அப்னு எழுதியிருக்கீங்க, சந்தோஷம். எம்பிள்ளை எதை நல்லா செய்யுது? வீட்ல எதைப் பார்த்துக்கணும்?' பிள்ளையைத் தெரிந்த ஆசிரியர் முகம் மலர்ந்து பதில் சொல்வார். பாதி ஆசிரியர்கள் யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கிறார்கள். பதிலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் அதைத் தமிழிலேயே, கண் படும் என்ற பயத்தை ஓரமாக வைத்துவிட்டு, அப்படியே சொல்லலாம்: வாசிக்கும்போது தெரியாத சொல்லுக்கு அடியில் கோடு போடுகிறாயாமே, டீச்சர் சொன்னார், அதை விடாதே.